ஏழாம் எண் எங்கே போயிற்று?

காசியில் கங்கையாடி எழுந்த ஒருவர், ஒரே சாலையில், ஒரே எண்ணைப் பின்பற்றித் தெற்கு நோக்கி வந்தால் கன்னியாகுமரியில் கடலாடலாம் என்றொரு காலம் இருந்தது. அந்தச் சாலையின் எண் 7. வாரணாசியில் புறப்பட்டு ரேவா, ஜபல்பூர், நாகபுரி, ஐதராபாத், கர்நூல், பெங்களூரு, சேலம், மதுரை, திருநெல்வேலி என 2,369 கிலோமீட்டர் ஓடிக் குமரிமுனையில் நின்றது. அந்நாளில் பாரதத்தின் மிக நீளமான தேசிய நெடுஞ்சாலை அதுவே. எண்ணிட்ட பொறியாளர்கள் யாத்திரையை மனத்தில் கொண்டு எண்ணிட்டிருக்க வாய்ப்பில்லை. எனினும் விசுவநாதரின் வாசலையும் குமரி அம்மனின் வாசலையும் ஒரே எண்ணால் பிணைத்துவைத்த அரசாங்க ஆவணம் ஒன்று நம்மிடம் இருந்தது என்பது உண்மை.

2010ஆம் ஆண்டில் நாட்டின் தேசிய நெடுஞ்சாலைகளுக்கு மத்திய அரசு புதிய எண்களை அறிவித்தது. மத்தியப் பிரதேசத்தில் லக்னாதோன் என்று ஓர் ஊர் உள்ளது. அதற்குத் தெற்கே பழைய ஏழாம் சாலை முழுவதும் 44 ஆயிற்று. அதற்கு வடக்கே அந்தச் சாலை துண்டு துண்டாகப் பிரிந்து வெவ்வேறு எண்களுக்குள் கலந்துவிட்டது. ஸ்ரீநகர், ஜம்மு, அம்பாலா, தில்லி, மதுரா, ஆக்ரா, குவாலியர், ஜான்சி வழியாக வந்த வேறு சில சாலைகளையும் சேர்த்துக்கொண்டு 44 இப்போது காஷ்மீரத்திலிருந்து குமரி வரை 3,700 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. பெருமைக்குரியதே. ஆனால் அது காசியைத் தொடவில்லை.

வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், எங்கள் தெருப் பஜனை மண்டலியின் யாத்திரைகளுக்கு வழித்திட்டம் எழுதித் தரும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. நீண்ட கணக்கேடு ஒன்றை வாங்கினேன். இடப்பக்கம் பழைய எண், வலப்பக்கம் புதிய எண், நடுவில் சாலைகள் கூடும் ஊர், அதன்கீழ் அங்கிருந்து பிரிந்து சென்றால் கிட்டும் திருத்தலம். பற்றும் வரவும் எழுதிப் பழகிய கைக்கு இது பிடித்துப்போயிற்று. "கைப்பேசியே வழி சொல்லும்போது இந்த ஏடு எதற்கு?" என்று என் துணைவியார் கேட்டதுண்டு. கைப்பேசி அடுத்த திருப்பத்தைச் சொல்லும். எந்தச் சாலை எங்கிருந்து எங்கே போகிறது என்பதை அது சொல்லுவதில்லை.

எண் மாற்றம் என்றால் என்ன என்பது எனக்குப் பணிக்காலத்திலேயே பழக்கம். கிளைகளில் கணினி வந்தபோது வாடிக்கையாளர்களின் பேரேட்டு எண்கள் யாவும் நீண்ட புதிய எண்களாயின. முப்பது ஆண்டுகளாக "என் கணக்கு 412" என்று சொல்லிவந்த பெரியவர், புதிய பாஸ்புத்தகத்தை வாங்கிக்கொண்டு, அதன் மேலட்டையில் பேனாவால் 412 என்று எழுதிக்கொண்டு போனார். பணம் அதேதான், வட்டியும் அதேதான். ஆயினும் அவர் எழுதிக்கொண்டதில் ஒரு நியாயம் இருந்தது. சாலையோரத் தேநீர்க்கடைகளில் "செவன்" என்று இன்றும் சொல்லும் முதிய லாரி ஓட்டுநர்களைக் காணும்போது அந்தப் பெரியவரே நினைவுக்கு வருகிறார்.

பழைய எண்களில் ஒழுங்கு காண்பது அரிது. சென்னை–திருச்சி சாலைக்கு 45, சேலம்–கொச்சி சாலைக்கு 47, திருவண்ணாமலைச் சாலைக்கு 66, மதுரை–கொல்லம் சாலைக்கு 208. மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. புதிய முறையின் இலக்கணமோ இரண்டே வரிகளில் அடங்கும். வடக்கு தெற்காக ஓடும் சாலைகளுக்கு இரட்டைப்படை எண். கிழக்கிலிருந்து மேற்கே போகப்போக எண் கூடும். கிழக்கு மேற்காக ஓடும் சாலைகளுக்கு ஒற்றைப்படை எண். வடக்கிலிருந்து தெற்கே வரவர எண் கூடும். சோழமண்டலக் கடற்கரையில் 32, தஞ்சை வழியே 36, திருச்சி வழியே 38, சேலம் வழியே 44, மலையாளக் கரையில் 66 என்று வரிசை அமைந்திருப்பதைப் பாருங்கள்.

இந்த இலக்கணத்தின் அழகை நூலில் படித்து அறிவதைவிட, ஓசூரிலிருந்து தெற்கே ஒருமுறை பயணம் செய்து அறிவது நன்று. ஓசூர் மலைமீது சந்திரசூடேசுவரரைத் தொழுது புறப்படுகிறோம். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி வரை ஒரே தார்ச்சாலைக்கு 44, 48 என இரண்டு எண்கள். தில்லியிலிருந்து மும்பை வழியாகச் சுற்றிவரும் 48 கிருஷ்ணகிரியில் நம்மிடம் விடைபெற்று வேலூர்ப் பக்கமாகச் சென்னைக்குப் போகிறது. அதே கிருஷ்ணகிரியில் 77 புறப்பட்டு ஊத்தங்கரை, செங்கம் கடந்து திருவண்ணாமலை, செஞ்சி, திண்டிவனம் செல்கிறது. கிரிவலத்துக்குப் போகும் அன்பர்கள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். சேலத்தில் 79, ஆத்தூர், கள்ளக்குறிச்சி வழியே உளுந்தூர்ப்பேட்டைக்கு. கரூரில் 81, கிழக்கே போனால் குளித்தலை, திருச்சி, கங்கைகொண்டசோழபுரம், முடிவில் தில்லைச் சிதம்பரம். திண்டுக்கல்லில் 83, மேற்கே பழனி, கிழக்கே திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம். மதுரையில் 85, மேற்கே தேனி, மூணாறு, கொச்சி, கிழக்கே சிவகங்கை, காளையார்கோவில், திருவாடானை, தொண்டி.

77, 79, 81, 83, 85. ஓர் எண்ணும் விடுபடாமல், தெற்கே வரவர இரண்டிரண்டாக ஏறும் ஒற்றைப்படை எண்கள்! கோபுர வாசலிலிருந்து கருவறை நோக்கிப் படிகளை எண்ணிக்கொண்டு போவதுபோல் இருந்தது எனக்கு. மண்டலியின் பிள்ளைகள் அடுத்த சந்திப்பின் எண்ணை முன்கூட்டியே சொல்லும் விளையாட்டை வண்டிக்குள் தொடங்கிவிட்டார்கள். கரூரைத் தாண்டியதும் "திண்டுக்கல்லில் எண்பத்து மூன்று" என்று பின்னிருக்கையிலிருந்து கூச்சல். பொருளறிந்து எண்ணிட்டால் குழந்தைக்கும் விளங்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

மூன்று இலக்க எண்களைக் கண்டு சிலர் மலைக்கிறார்கள். அவை கிளைச்சாலைகள். கடைசி இரண்டு இலக்கம் தாய்ச்சாலையைக் காட்டும். முதல் இலக்கம் எத்தனையாவது பிள்ளை என்பதைக் காட்டும். 44இன் முதற்பிள்ளை 144, ஜம்மு அருகில் தோமேல் என்னுமிடத்தில் பிரிந்து கட்ராவுக்குப் போகிறது. கட்ரா வைஷ்ணவதேவி மலையின் அடிவாரம். 344 அம்பாலாவிலிருந்து ரூர்க்கி செல்வது; அரித்துவாரம் போகிறவர்களுக்கு உதவும். நம் பக்கத்தில் 544 சேலத்திலிருந்து பவானி, அவிநாசி, கோவை, பாலக்காடு, திருச்சூர் வழியே கொச்சி. 744 திருமங்கலத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர், தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு வழியே கொல்லம். ஆண்டாளையும் ஐயப்பனையும் ஒரே நாளில் தரிசிக்க வைக்கும் சாலை அது. 844 ஓசூர்ப் பக்கத்திலிருந்து இராயக்கோட்டை, பாலக்கோடு வழியாகத் தருமபுரி அருகே அதியமான்கோட்டைக்கு வருகிறது.

அதியமான்கோட்டையில் சற்றே நிற்க வேண்டும். அங்குள்ள காலபைரவர் ஆலயத்தைத் தட்சிண காசி என்பார்கள். காசி நகரின் காவல் தெய்வம் காலபைரவர் அல்லவா! தேய்பிறை அஷ்டமியில் சாம்பல் பூசணியில் விளக்கேற்ற வரும் கூட்டத்தைச் சொல்லி முடியாது. 44இலிருந்து காசி அறுபட்டுவிட்டது என்று வருந்திக்கொண்டிருந்த என் ஏட்டில், சந்திப்புகளின்கீழ்த் தலங்களை எழுத எழுத, காசி மறுபடி மறுபடி வந்து அமர்ந்தது. 744இல் தென்காசி, காசிக்குப் போக இயலாதவர்களுக்கென்று 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பிய விசுவநாதர் ஆலயம் அங்கே. மதுரைக்குக் கிழக்கே, 85இலிருந்து 87 பிரியும் திருப்புவனம். காசிக்குக் கொண்டுபோகப்பட்ட அஸ்தி இங்கே பூவாக மலர்ந்தது என்பது தலவரலாறு. ஆகவே அது புஷ்பவன காசி. அந்த 87தான் மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் வழியே இராமேசுவரத்துக்கும் தனுஷ்கோடிக்கும் செல்வது. சேதுவில் எடுத்த மணலைத் திரிவேணியில் கரைத்து, அங்கிருந்து கங்கை கொணர்ந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்யும் மரபை நம் பாட்டனார்கள் எந்த எண்ணும் இல்லாத சாலைகளில் நிறைவேற்றினார்கள். வழியெங்கும் அவர்களுக்குச் சத்திரம் இருந்தது. இராணி மங்கம்மாள் மதுரையிலிருந்து தெற்கே அமைத்த சாலையை மங்கம்மாள் சாலை என்று மக்கள் வழங்கினார்கள். மதுரை இரயில் நிலையத்துக்கு எதிரே அவர் பெயரில் சத்திரம் இன்றும் நிற்கிறது. எண்ணைவிடப் பெயர் நெடுநாள் நிற்கும் போலும்.

ஏட்டுக்கு ஒரு பயன் எதிர்பாராத வகையில் கிடைத்தது. நாமக்கல் ஆஞ்சநேயர் தரிசனம் முடித்து, வேலூர்ப் பாலத்தில் காவிரியைக் கடந்து மதுரை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். கரூரைத் தாண்டி அரவக்குறிச்சிப் பக்கம் வரும்போது, உடன் வந்த மூத்த அம்மையார் ஒருவருக்கு மார்பு வலி. வியர்த்துக் கொட்டியது. வண்டியை ஓரங்கட்டி 108க்கு அழைத்தோம். "எங்கே இருக்கிறீர்கள்?" என்ற கேள்விக்கு ஆளுக்கொரு பதில். ஒருவர் கடந்துவந்த உணவகத்தின் பெயரைச் சொன்னார். இன்னொருவர் "பைபாஸில்தான்" என்றார். நாற்பது கிலோமீட்டர் நெடுகிலும் பைபாஸ்தானே! நான் இறங்கிப்போய்க் கல்லைப் படித்து, "44ஆம் எண் சாலை, திண்டுக்கல் செல்லும் பக்கம், இன்ன கிலோமீட்டர்க் கல்லிலிருந்து 400 மீட்டர்" என்று சொன்னேன். மறுமுனையில் இருந்த பெண் அதைத் திருப்பிச் சொல்லி உறுதிசெய்துகொண்டார். ஊர்தி நேரே எங்களிடம் வந்து நின்றது. அம்மையார் அடுத்த ஆண்டு எங்களுடன் திருச்செந்தூருக்கு வந்தார்.

அந்தக் கல்லைப் படிக்கும் முறையை இங்கே சொல்லிவிடுகிறேன். தலையில் மஞ்சள் பூசிய கல் தேசிய நெடுஞ்சாலை. பச்சை பூசியது மாநில நெடுஞ்சாலை. இரண்டு கிலோமீட்டர்க் கற்களுக்கு நடுவே 200 மீட்டருக்கு ஒன்றாகச் சிறுகற்கள் நட்டு 2, 4, 6, 8 என்று எழுதியிருப்பார்கள். பெரிய கல்லின் எண், சிறுகல்லின் எண், சாலையின் எண், எந்த ஊரை நோக்கிய பக்கம் என்ற நான்கும் போதும். நடுவில் தடுப்புச்சுவர் இருப்பதால் பக்கம் சொல்வது மிக முக்கியம். எதிர்ப்பக்கம் வந்த ஊர்தி திரும்பிவர நெடுந்தொலைவு போக வேண்டியிருக்கும். தேசிய நெடுஞ்சாலையில் வண்டி பழுதானாலோ விபத்து நேர்ந்தாலோ அழைக்க 1033 என்ற எண்ணும் உண்டு. பூஜை அறையில் நாட்காட்டி மாட்டுவதுபோல் இதை வண்டியில் ஒட்டிவைத்திருக்கிறோம்.

தருமபுரிக்கும் சேலத்துக்கும் இடையே தொப்பூர்க் கணவாய். தெற்கு நோக்கி வருகையில் நெடிய இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக்கைப் பிடித்துப் பிடித்துச் சூடேறி நிற்காமற்போய் அங்கே நேர்ந்த விபத்துகள் பல. இறங்கும்போது கியரைக் குறைத்து மெதுவாக இறங்குமாறு எங்கள் ஓட்டுநரிடம் ஒவ்வொரு முறையும் சொல்வேன். "சார், உங்களுக்கு முன்னாலேயே எனக்கு இந்த மலையைத் தெரியும்" என்பார். இருந்தாலும் சொல்வேன்.

அதைவிட எனக்கு அச்சம் தருவது வேறொன்று. கோயில் சாலையின் வலப்பக்கம் தெரிகிறது. திரும்பும் இடமோ இரண்டு கிலோமீட்டர் தள்ளி. அந்த இரண்டு கிலோமீட்டரைச் சேமிக்க எதிர்த்திசையில் வண்டியை விடுவோர், தடுப்புச்சுவரின் இடைவெளியில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடப்போர் பலரை நான் காண்கிறேன். கையில் தேங்காய் பழத்தட்டு இருப்பதனால் எதிரே வரும் பேருந்து விலகிப் போய்விடாது. தைப்பூசத்துக்கு 83ஆம் சாலையில் பழனிக்கு நடந்துபோகும் அன்பர்கள் இரவில் வாகனங்களை எதிர்நோக்கி வலது ஓரமாக நடப்பதும், முதுகுப்பையில் ஒளிரும் பட்டை ஒட்டுவதும் முருகனுக்குச் செய்யும் காவடித் தொண்டில் அடங்கியவையே என்பேன். மார்கழியில் சபரிமலை முடித்து இரவோடிரவாகத் திரும்பும் குழுவினர், உறக்கம் வந்த ஓட்டுநரை ஏதேனும் ஒரு சுங்கச்சாவடி ஓரத்தில் இரண்டு மணி நேரம் தூங்க விடுங்கள். விடியற்காலையில் வீடு சேர்ந்தே தீரவேண்டும் என்று எந்த விரதமும் சொல்லவில்லை.

மதுரைக்குத் தெற்கே சாலை வேகமாக ஓடிவிடுகிறது. கோவில்பட்டி, கட்டபொம்மன் 1799இல் தூக்கிலிடப்பட்ட கயத்தாறு, நெல்லையப்பரின் திருநெல்வேலி, வானமாமலைப் பெருமாளின் நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி. திருநெல்வேலியில் தூத்துக்குடிச் சாலை 138 பிரிகிறது. காவல்கிணறு வந்ததும் ஒரு முடிவு எடுக்க வேண்டும். நேரே 44இல் போனால் கன்னியாகுமரி. வலப்புறம் 944இல் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாகர்கோவில் சென்றால், அங்கிருந்து சுசீந்திரம் தாணுமாலயனைத் தரிசித்துக் குமரி சேரலாம். எங்கள் மண்டலி எப்போதும் வலப்புறமே திரும்பும். மும்பைப் பக்கத்துப் பன்வேலிலிருந்து மேற்குக் கடற்கரை நெடுகிலும் வரும் 66ஆம் சாலையும், காஷ்மீரத்திலிருந்து வரும் 44ஆம் சாலையும் முடியுமிடம் குமரியே. இந்த 66, முன்னாளில் திருவண்ணாமலைச் சாலைக்கு இருந்த எண் என்பதையும் நினைவில் வைத்தால் பழைய வழிகாட்டி நூல்களைப் படிக்கையில் குழப்பம் வராது.

சரி, ஏழாம் எண் எங்கே போயிற்று? அது மறையவில்லை, வடக்கே போய்விட்டது. பஞ்சாபில் பாசில்கா என்னுமிடத்தில் தொடங்கிப் பட்டியாலா, சண்டிகர், தேராதூன், ரிஷிகேசம் வழியே மலையேறி, தேவப்பிரயாகை, ருத்திரப்பிரயாகை, கர்ணப்பிரயாகை, ஜோஷிமடம் கடந்து பத்ரிநாத்துக்கும் அதற்கு அப்பால் மாணா கிராமத்துக்கும் செல்லும் சாலைக்கு இப்போது எண் 7. ராஜ்புராவில் அது நம் 44ஐக் குறுக்கே கடக்கிறது. குமரியைத் தொட்டுக்கொண்டிருந்த எண் இன்று பத்ரி நாராயணனின் சந்நிதியைத் தொடுகிறது. இதை ஏட்டில் எழுதியபோது வருத்தம் பாதி தீர்ந்தது. கங்கோத்ரியில் தொடங்கும் 34ஆம் சாலை வந்து முடியுமிடம் லக்னாதோன் என்று கண்டபோது மீதியும் தீர்ந்தது. கங்கை பிறக்குமிடத்துச் சாலை வந்து 44இல் சேர, அந்த 44 நர்மதைக்குத் தெற்கே கோதாவரி, கிருஷ்ணா, துங்கபத்திரை, காவிரி, வைகை, தாமிரபரணி என்று ஒவ்வொன்றாகக் கடந்து வருகிறது.

ஆயினும் என் கருத்து ஒன்றைச் சொல்லாமல் விட இயலவில்லை. புதிய எண் முறை அறிவுக்கு உகந்தது. அதை மாற்றுமாறு நான் கேட்கமாட்டேன். காசி–குமரி வழி முழுவதற்கும், எண்கள் எவையாயினும், ஒரு பெயர்ப்பலகை இருக்கலாம். பெரிய சந்திப்புகளில் "காசி வழி", "சேது வழி" என்று ஓர் அம்புக்குறி. செலவு அதிகமில்லை. கடைசிவரை எண்ணறியாத ஒரு முதியவர்கூடத் தலைநிமிர்ந்து படித்துவிடுவார்.

அதுவரை, வாகனத்தில் காசிக்குப் புறப்படும் அன்பர்கள் இந்த வரிசையை எழுதிக்கொள்ளுங்கள். கன்னியாகுமரியிலிருந்து லக்னாதோன் வரை 44. அங்கே 34இல் திரும்பி ஜபல்பூர். நர்மதையைத் தரிசிக்க ஒரு நாள் ஒதுக்குங்கள். ஜபல்பூரிலிருந்து 30, வழியில் மைஹர் சாரதா தேவி, பிறகு ரேவா. மங்காவானில் 135 பிரிந்து மிர்சாபூர் போகிறது. அதன் அருகில் விந்தியாசலம், விந்தியவாசினி அம்மன். மிர்சாபூரிலிருந்து 35 உங்களை வாரணாசியில் கொண்டுபோய் விடும்.